பாபிலோன் பாடமும் செம்பவாங் கண்ணும்

செம்பவாங்
3 அக்டோபர் 1978

ஆம்ப்ரோஸ்,

நலமா என்று கேட்க மாட்டேன். நீ நலமாக இருந்தால் எனக்கு வயிறு எரியும். நலமில்லாமல் கிடந்தால், நான் செய்ய வேண்டியதை வேறு எவனோ செய்துவிட்டானே என்று அதற்கும் எரியும்.

கையெழுத்தைப் பார்த்தே யாரென்று தெரிந்திருக்கும். ஐந்தாம் வகுப்பிலிருந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து உனக்குக் கணக்குக் காட்டிய அதே தங்கராஜுதான். 1974 தைப்பூசத்தன்று டேங்க் ரோட்டுக் கோயிலில் பால்குடம் இறக்கிவிட்டு, பெரியம்மா வீட்டில் சாப்பிடுவதற்காக பஃபலோ ரோட்டுப் பின்சந்து வழியாக வந்தேனே, மாலை ஆறரை மணி, வெளிச்சம் கூட முழுசாகப் போகவில்லை, உடைந்த பீர் போத்தலை என் முகத்தில் சொருகினாயே, அந்தத் தங்கராஜு.

இப்போது நான் மாணவன். சிரிக்காதே. லண்டனிலிருந்து தபால் வழிப் படிப்பு. இடது கண் போனவனுக்கு வெல்டிங் வேலை கிடையாது என்று சொல்லி கப்பல் யார்டில் என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். சரி, ஸ்டோர் நிர்வாகம் படித்தால் மேலே போகலாம் என்று விண்ணப்பப் பாரம் வாங்கி நிரப்பினேன். ஒற்றைக் கண்ணுக்கு வரிசை தப்பிவிட்டது. கீழ்வரிசைக் கட்டத்தில் கோடு போட்டு அனுப்பிவிட்டேன். வந்து சேர்ந்தது ‘உலகின் ஆதி நாகரிகங்கள்’, பன்னிரண்டு பாடம். திருப்பி அனுப்பினால் கட்டிய பணம் போச்சு. அப்படியாக, உன் தயவில் எகிப்து, சுமேரியா, மொஹஞ்சதாரோ எல்லாம் எனக்கு இப்போது தெரியும்.

இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் ஜெயில் தமிழ் அதிகாரி ஐயா அவர்களுக்கு: இது பாடம் சம்பந்தமான கடிதம். மேற்கொண்டு எழுதுவதும் பாடம்தான்.

நாலாம் பாடம் பாபிலோன். மூவாயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன் ஹம்முராபி என்று ஒரு ராஜா, கரிய கல்தூண் ஒன்றில் சட்டமெல்லாம் வெட்டி ஊர் நடுவில் நட்டு வைத்தானாம். அதில் நூற்றுத் தொண்ணூற்றாறாவது சட்டம்: ஒருவன் இன்னொருவன் கண்ணைக் கெடுத்தால் அவன் கண்ணையும் கெடுக்க வேண்டும். அவ்வளவுதான். வக்கீல் இல்லை, வாய்தா இல்லை. படித்துவிட்டு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த ஜூனில் உன்னை விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வாசலுக்கு வருகிறேன். பாடத்தைப் பற்றிப் பேசலாம்.

அதற்கு முன் ஒரு கேள்வி. நான் உனக்கு என்ன செய்தேன்? கோர்ட்டில் நீ “சீட்டாட்டத்துல தகராறு” என்று சொன்னாய். நான் சீட்டைத் தொட்டிருக்கிறேனா? நீ சொன்ன அந்த ஒரு வாக்கியம் தமிழ்ப் பேப்பரில் வந்து, இன்றைக்கும் நேவல் பேஸ் முழுக்க என் பெயர் சூதாடி. ஏன் குத்தினாய், ஏன் பொய் சொன்னாய்? எழுது.

தங்கராஜு

*

சிறைச்சாலை
22 அக்டோபர் 1978

ராஜு,

ஐந்து வருஷத்தில் அம்மாவைத் தவிர எனக்குக் கடிதம் எழுதிய முதல் ஆள் நீ. இங்கே கொடுக்கிற தாளில் வரிகள் குறைவு, அதனால் நேராகச் சொல்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் சொல்ல மாட்டேன். மாதா மேல் சத்தியம் செய்திருக்கிறேன். நீ ஒன்றும் செய்யவில்லை என்பதை மட்டும் எழுதிக் கொடுக்கிறேன். உன் மேல் ஒரு தப்பும் இல்லை. சீட்டாட்டம் பொய். வேண்டுமானால் இந்தத் தாளை வெட்டி உங்கள் யார்டு வாசலில் ஒட்டு.

எட்டு வருஷம், ஆறு பிரம்படி என்றார் ஜட்ஜ். பிரம்படி பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன், உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும். மரச்சட்டத்தில் குனியவைத்துக் கட்டிவிடுவார்கள். முதல் அடியிலேயே தோல் பிய்ந்தது. மூன்றாவதில் நான் அம்மா என்று கத்தவில்லை, உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பிடித்திருந்த வார்டர் யாருடா அது என்று கேட்டான். பிறகு மூன்று வாரம் குப்புறத்தான் தூக்கம். அது உன் கண்ணுக்கு ஈடு என்று நான் சொல்லவில்லை.

ஜூனில் நீ வாசலுக்கு வா. ஓட மாட்டேன்.

ஒன்று கேட்கிறேன், திட்டாதே. அந்த நாலாம் பாடத்தைக் கையால் எழுதி அனுப்ப முடியுமா? இங்கே படிக்க இருப்பது ஒரு பைபிளும், மேலட்டை போன ஒரு மோட்டார் மெக்கானிக் புத்தகமும்தான். எந்தச் சட்டப்படி என் கண் போகப்போகிறது என்று நானும் தெரிந்துகொள்கிறேன்.

ஆம்ப்ரோஸ்

*

செம்பவாங்
10 டிசம்பர் 1978

ஆம்ப்ரோஸ்,

உனக்குக் கொழுப்பு இன்னும் குறையவில்லை. இருந்தாலும் பாடம் அனுப்பியிருக்கிறேன், பதினோரு பக்கம், இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கி எழுதினேன். உனக்காக என்று நினைக்காதே. எழுதினால் எனக்கு மனப்பாடம் ஆகும்.

அதில் ஒரு விஷயம் பார்த்தாயா? கண்ணுக்குக் கண் என்பது சமமானவர்களுக்கு மட்டும்தான். பெரிய மனுஷன் சாமானியன் கண்ணைக் கெடுத்தால் வெள்ளி கொடுத்தால் போதும். அடிமையின் கண் என்றால் அவனுடைய விலையில் பாதி. அதைப் படித்ததும் நாம் ரெண்டு பேரும் சமமா என்று யோசித்தேன். உன் அப்பா லாசரஸும் என் அப்பாவும் ஒரே கிரேனில் மாறி மாறி வேலை பார்த்தவர்கள். ஒரே வரிசை குவார்ட்டர்ஸ், ஒரே குழாயடி. நீங்கள் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தீர்கள், நாங்கள் தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தோம். சமம்தான். ஆகவே வெள்ளி கிள்ளி என்று பேச்சே வேண்டாம்.

இந்தப் பாடத்துக்கான விடைத்தாளில் ‘பாபிலோன் நீதியை விளக்குக’ என்று கேட்டிருந்தார்கள். நான் உன்னையும் என்னையும் வைத்து ஆறு பக்கம் எழுதினேன். லண்டன்காரன் இருபதுக்கு ஒன்பது போட்டு, ‘சொந்த விஷயங்களைத் தவிர்க்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டான். அவனுக்கென்ன, ரெண்டு கண்ணாலும் திருத்துகிறான்.

‘உன் மேல் தப்பில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் ஆயிற்றா? தப்பே இல்லாதவன் கண்ணை எதற்கடா எடுத்தாய்? எனக்குப் பெண் பார்த்த கமலா வீட்டில் நிச்சயம் வரைக்கும் வந்தது. அவள் அப்பா அந்தப் பழைய பேப்பரை மடித்துப் பையில் கொண்டுவந்தார். “கண்ணு இல்லாட்டி பரவால்ல தம்பி, சூதாட்டம் ஒத்துவராது” என்றார். என் அம்மா அழுதாள். நான் குளியலறைக்குப் போய்க் கண்ணாடியைக் குத்தினேன். ஏழு தையல். பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு அந்த ராஜா மரணம் என்று எழுதியிருக்கிறான், கவனித்துப் படி.

என் அண்ணன் சேதுபதியிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். “சத்தியமாவது மண்ணாவது, சும்மா அளக்குறான் லா” என்றான். உன்னை வரவேற்க என்னைவிட அவன்தான் துடிக்கிறான். யார்டிலிருந்து ஒரு பழைய அரம் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்லில் தேய்த்து முனையாக்குகிறான். ஆள் பீச்சாங்கைக்காரன், ஆனால் தேய்ப்பு சுத்தம். அதிகாரி ஐயா பயப்பட வேண்டாம், களிமண்ணில் எழுத்து கீறுவதற்கு. சுமேரியர்கள் நாணலில் கீறினார்கள், எங்களிடம் அரம்தான் இருக்கிறது. “நீ கீறு, நான் அவன் கையைப் புடிச்சுக்கிறேன்” என்கிறான் அண்ணன்.

இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. பதில் சொல்.

தங்கராஜு

*

சிறைச்சாலை
18 பிப்ரவரி 1979

ராஜு,

உன் கடிதத்தை இருபது தடவை படித்தேன். உன் அண்ணன் அரம் தேய்க்கிறான் என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. எழுதினால் சத்தியம் உடைந்துவிடும்.

போன வாரம் என் தங்கச்சி, நம் பெட்டி, என்னைப் பார்க்க வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெலிபோனை வைத்துக்கொண்டு பேச வேண்டும். உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். கமலா கல்யாணம் நின்றதைச் சொன்னேன். பிறகு, “எனக்காக அவங்க ஏன் சூதாடின்னு பேர் வாங்கணும்? எழுதுண்ணே. என் பேரைப் போட்டே எழுது” என்றாள். சத்தியம் வாங்கியவளே விடுவித்துவிட்டாள். இனிமேல் கேள்.

73 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன், சிராங்கூன் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் உன் அண்ணன் சேதுபதி பெட்டியை அறைந்தான். மூன்று மாதமாக அவள் பின்னாலேயே சுற்றினான். அவள் முடியாது என்றாள். “உங்க சாமிக்கும் எங்க சாமிக்கும் ஒத்துவராதுன்னு சொல்றியா?” என்று கேட்டானாம். “இல்ல, உங்களையே எனக்குப் பிடிக்கல” என்றாள். விட்டான் ஒரு அறை. காதுச் சவ்வு கிழிந்து, ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் போனது. அவள் அப்போது ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காது அதோடு போச்சு. வேலையும் போச்சு.

வீட்டில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றாள். என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, லூர்து மாதா கோயிலில் என் கையைச் சுரூபத்தின் காலில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். ஆண்பிள்ளையோடு ரோட்டில் நின்று அறை வாங்கியவள் என்று கோயில் பங்கு ஜனங்களிடம் பேச்சு வந்தால் எவன் கட்டுவான்? நான் சத்தியம் செய்தேன். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றுதான் செய்தேன். அவனைச் சும்மா விடுகிறேன் என்று செய்யவில்லை.

தைப்பூசத்தன்று உன் அண்ணன் அந்தச் சந்து வழியாகத்தான் பெரியம்மா வீட்டுக்கு வருவான் என்று எனக்குத் தெரியும். வருஷா வருஷம் நானும் உங்களோடு வந்து சாப்பிட்டவன்தானே? ஆனால் அந்த வருஷம் உன் அம்மா ஆபரேஷனுக்காக நீங்கள் ரெண்டு பேரும் மொட்டை போட்டுக்கொள்வீர்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மொட்டைத் தலை, தலை முழுக்கச் சந்தனம், நெற்றி மறைய விபூதி, மஞ்சள் வேட்டி, அதே உயரம், அதே நடை. அன்றைக்கு ஊரில் பாதி ஆம்பிளை அப்படித்தான் இருந்தான். நான் சேதுபதி என்று நினைத்துக் குத்தினேன். நீ “ஆம்ப்ரோஸ்!” என்று கத்தினாய் பார், அந்தக் குரலில்தான் தெரிந்தது. அதற்குள் போத்தல் உள்ளே போய்விட்டது.

மாற்றிக் குத்திவிட்டேன் என்று கோர்ட்டில் சொன்னால், யாரைக் குத்த வந்தாய், எதற்கு என்று கேட்பார்கள். பெட்டியின் பெயர் வரும். அதனால் சீட்டாட்டம் என்றேன். 75இல் அவளுக்கும் இயேசுதாசனுக்கும் கல்யாணம் ஆனது. அவனுக்கு இன்றுவரை குளியலறைக் கதைதான் தெரியும்.

நீ அனுப்பிய பாடத்தில் இன்னொரு சட்டம் இருக்கிறது. நீ அதை மேலோட்டமாகத்தான் எழுதியிருக்கிறாய், நான் அடிக்கோடிட்டேன். கன்னத்தில் அறைந்தவனுக்கு என்ன தண்டனை என்று வருகிறதே, அது. தன்னைவிடப் பெரியவனை அறைந்தால் ஊர் கூட்டி மாட்டுத்தோல் சாட்டையால் அறுபது அடி. அடிமை அறைந்தால் அவன் காதை அறுக்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் கேட்கவில்லை.

ஆம்ப்ரோஸ்

*

செம்பவாங்
4 மார்ச் 1979

டேய் பொய்யா,

ஐந்து வருஷம் உட்கார்ந்து யோசித்து நல்ல கதை கட்டியிருக்கிறாய். உன் தங்கச்சியை இழுத்து, என் அண்ணனை இழுத்து, மாதாவையும் இழுத்துவிட்டாய். என் கண் போனது ஆள்மாறாட்டத்தில் என்றால் நான் சிரிப்பதா அழுவதா? நீ என்னை வெறுத்துக் குத்தினாய் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதுகூட ஒரு மரியாதையாக இருந்தது. இப்போது, தெருவில் போன மாடு முட்டியது மாதிரி ஆக்கிவிட்டாய்.

சேதுபதி என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன். ஒரு மாதம் எனக்குச் சோறு ஊட்டினவன்.

ஆனால் ஒரு விஷயம் காலையிலிருந்து மண்டையைக் குடைகிறது. அன்றைக்குச் சந்து முனை வரைக்கும் நாங்கள் சேர்ந்துதான் வந்தோம். முனையில் அண்ணன் நின்று, “நீ போய்க்கிட்டே இரு, நான் வெத்தல வாங்கிட்டு வர்றேன்” என்றான். அவன் வெற்றிலை போடுகிறவன் இல்லை.

கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

தங்கராஜு

*

ரேஸ் கோர்ஸ் ரோடு
15 ஜூன் 1979

ராஜு,

மூன்று மாதம் உன்னிடமிருந்து வரியே இல்லை. கோபம் என்று நினைத்தேன்.

12ஆம் தேதி காலை என்னை விட்டார்கள். அம்மாவிடம், கூட்டிப்போக வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், நீயும் அரமும் வருவீர்களே என்று. வாசலுக்கு எதிரே மழைமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றேன். ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்தேன். கையை எடுத்துத் தடுக்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். யாரும் வரவில்லை. ஒரு தள்ளுவண்டிக்காரன் மட்டும் வந்து, “அண்ணே, ஐஸ் தண்ணி?” என்றான்.

மறுநாள் செம்பவாங்குக்கு வந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு நூருல் அமீன் என்னை அடையாளம் கண்டு முதலில் கதவைச் சாத்தினார். பிறகு திறந்து சொன்னார். உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஜொகூரில் மாமா வீட்டுக்குப் போய்விட்டானாம், அம்மாவும் கூடவாம். நீ ஏப்ரலிலிருந்து உள்ளே இருக்கிறாயாம், ஒரு வருஷமாம்.

நான் வெளியே நின்று உனக்காகக் காத்திருந்தபோது நீ என் முதுகுக்குப் பின்னால், அதே மதிலுக்குள் இருந்திருக்கிறாய். எந்த பிளாக்கில் இருந்தாய்? சாப்பாட்டு வரிசையில் உன்னைக் கடந்து போனேனா?

என்ன நடந்தது? எழுது. உன் வாயிலிருந்து கேட்க வேண்டும்.

ஆம்ப்ரோஸ்

*

சிறைச்சாலை
5 ஆகஸ்ட் 1979

ஆம்ப்ரோஸ்,

நீ சொன்னது சரி, தாளில் வரி குறைவு. ரெண்டு மாதத் தாளைச் சேர்த்து எழுதுகிறேன். இதில் அடிதடி எல்லாம் கோர்ட்டில் வந்ததுதான், அதிகாரி வெட்ட மாட்டார்.

உனக்கு அந்தக் கடிதம் போட்ட பிறகும் அண்ணனிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஐந்து வாரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏப்ரல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அண்ணன் கூடத்தில் கல்லை வைத்து அரம் தேய்த்துக்கொண்டிருந்தான். “பெட்டி காதுக்கு என்ன ஆச்சு?” என்றேன். தேய்ப்பு நின்றது. “எந்த பெட்டி?” என்றான். பிறகு அவனே சொன்னான், “அவ திமிர் புடிச்சவடா. ஒரே ஒரு அறைதான் விட்டேன்.”

வெற்றிலையைப் பற்றிக் கேட்டேன். அவன் அழ ஆரம்பித்துவிட்டான். “சந்துக்குள்ள அவன் நிக்கிறதைப் பாத்துட்டேன் லா. கையில போத்தல் இருந்துச்சு. அவன் உன் ஃப்ரெண்டுதானே, உன்னை ஒண்ணும் பண்ண மாட்டான், பேசி அனுப்பிடுவன்னு நெனச்சேன்” என்றான்.

அவனும் நானும் ஒரே நாளில் மொட்டை போட்டோம் என்பதை அவன் யோசிக்கவில்லையாம்.

அதற்குப் பிறகு நான் மனுஷனாக இல்லை. தலையால் அவன் மூக்கில் மோதினேன், எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அவன் என் தோளைக் கடித்து சதையை எடுத்தான். சோற்றுப்பானை உருண்டு, தரையெல்லாம் சோறு, சோற்றின் மேல் ரத்தம். என் இடது பக்கம் எனக்குத் தெரியாது என்று அவனுக்குத் தெரியும், அந்தப் பக்கமாகவே வந்து வந்து குத்தினான். கடைசியில் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அரம் என் கையில். முனையை அவன் கண்ணிமை மேல் வைத்தேன். உனக்காக ஆறு மாதம் அவனே தேய்த்த முனை. ஒரு துளி ரத்தம் வந்தது. அவன் வேட்டியிலேயே மூத்திரம் போய்விட்டான். “தம்பி, தம்பி” என்றான்.

அழுத்தியிருப்பேன். சத்தியமாக அழுத்தியிருப்பேன். நீ அடிக்கோடிட்ட சட்டம் ஞாபகம் வந்தது. என் கண்ணை எடுத்தவன் நீ. அவன் எடுத்தது ஒரு பெண்ணின் காது. காது அறுப்பது அடிமைக்கான தண்டனைதான், ஆனால் தம்பியை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் ஒளிந்தவனை வேறு எந்த வரிசையில் வைப்பது? அரத்தை வீசிவிட்டு, வலது கையை விரித்து, இடது காதோடு சேர்த்து அறைந்தேன். ஒன்று உனக்காக, ஒன்று கமலாவுக்காக என்று எண்ண ஆரம்பித்து எண்ணிக்கை தப்பிவிட்டது. கை மரத்துப்போகும் வரைக்கும் அடித்தேன். காதிலிருந்து ரத்தம் கொப்பளித்தது. நூருல் அமீன் வந்து கழுத்தைப் பிடித்து இழுக்காவிட்டால் கொன்றிருப்பேன். அந்தக் காது இனி கேட்காது என்று டாக்டர் கோர்ட்டில் சொன்னார்.

எதற்காக அடித்தாய் என்று ஜட்ஜ் கேட்டார். பெட்டியின் பெயர் வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டு, “சீட்டாட்டத்துல தகராறு” என்றேன். எனக்குத்தான் ஏற்கெனவே அந்தப் பெயர் இருக்கிறதே. எல்லோரும் நம்பினார்கள்.

அம்மா என்னைப் பார்க்க வரவில்லை. வருவாள் என்றும் தோன்றவில்லை. பெற்றவளுக்கு ரெண்டு பிள்ளை, ஒருத்தன் குருடு, ஒருத்தன் செவிடு. ராத்திரியில் அதை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எட்டாம் பாடத்துக்கு விடைத்தாள் அனுப்பாமல் நிற்கிறது. நூருல் அமீனிடம் வீட்டுச் சாவி இருக்கிறது. என் கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின்னில் பாடங்கள் இருக்கின்றன. கையால் எழுதி அனுப்புவாயா? பெட்டியிடம் சொல். வேறொன்றும் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்.

தங்கராஜு

*

ரேஸ் கோர்ஸ் ரோடு
2 செப்டம்பர் 1979

ராஜு,

எட்டாம் பாடத்தை எழுதி இதோடு வைத்திருக்கிறேன், சிந்து சமவெளி. என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், தப்பிருந்தால் திட்டாமல் திருத்திக்கொள். அந்த ஊரில் இத்தனை பெரிய சாக்கடை கட்டியிருக்கிறார்கள், ஒரு சட்டம் கூட யாராலும் படிக்க முடியவில்லையாம். கொடுத்து வைத்தவர்கள்.

பெட்டி வீட்டுக்குப் போனேன். சமையல்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கிற பக்கமாகப் போய் உட்கார்ந்து உன் கடிதத்தை வாசித்தேன். அரம் வருகிற இடத்தில் கழுவுவதை நிறுத்திவிட்டாள். சீட்டாட்டம் என்று கோர்ட்டில் நீ சொன்ன இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“எந்தக் காதுண்ணே?”

“இடது” என்றேன்.

அவள் சிரித்தாள், ராஜு. ஐந்து வருஷத்தில் இந்தப் பேச்சில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். “எனக்குப் போனது வலது காது. அந்த ஆளு பீச்சாங்கை லா. ராஜு அண்ணனுக்குத் தன் அண்ணன் எந்தக் கைன்னு கூடவா ஞாபகம் இல்ல? தப்பான காதை அடிச்சிட்டு ஜெயில்ல உக்காந்திருக்காங்க” என்றாள்.

நான் மொட்டையைப் பார்த்து ஆளை மாற்றினேன். நீ கையை மறந்து காதை மாற்றினாய். லண்டன்காரன் நம் ரெண்டு பேர் விடைத்தாளையும் திருத்தினால் ரெண்டு பேருக்கும் பூஜ்யம்தான்.

இயேசுதாசன் வேலையிலிருந்து வந்ததும் பெட்டி அவனை உட்காரவைத்து, பஸ் ஸ்டாப்பிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் எழுந்து போகப் பார்த்தேன், “இருண்ணே” என்றாள். அவன் முழுசாகக் கேட்டான். பிறகு அவளுக்குக் கேட்காத பக்கத்திலிருந்து எழுந்து, கேட்கிற பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மறுநாள் அவனே என்னோடு புக்கிட் தீமா வரை வந்து, கமலாவின் அப்பாவிடம் பேசினான். பிரயோசனம் இல்லை, அவளுக்குப் போன வருஷமே கல்யாணம் ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பெரியவர் அந்தப் பழைய பேப்பரைத் தேடி எடுத்துவந்து எங்கள் முன்னாலேயே கிழித்தார்.

உன் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு கழிந்தால் டிசம்பர் முதல் வாரத்தில் வெளியே வருவாய். அதே மழைமரத்தடியில் நிற்பேன். அரம் கோர்ட்டோடு போய்விட்டது, ஆனால் உன் நாலாம் பாடத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். எனக்கு இன்னும் ரெண்டு கண் இருக்கிறது. அந்த ராஜா வெட்டிய கணக்குப்படி அதில் ஒன்று உன்னுடையது. வேண்டாம் என்று நீ சொன்னால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம், அம்மா இறால் தொக்கு செய்து வைப்பாள். வேண்டும் என்றால் கையை எடுத்துத் தடுக்க மாட்டேன்.

அதிகாரி ஐயா, இது பாடம் சம்பந்தமான கடிதம்.

ராஜு, போனது உன் இடது கண். எதிரே நிற்கும்போது என் இடது உனக்கு வலப்பக்கம் வரும். இந்தத் தடவையாவது சரியாகப் பார்த்துக்கொள்.

ஆம்ப்ரோஸ்